ரிப்பன் கட்டிய வீடும் நானூறு கிலோ நெத்தலியும்

சல்லிக் கடற்கரையில் யாரோ வானத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நிமிர்த்த மறந்து போயிருந்தார்கள். மூன்று நாளாக ஊற்றுகிறது. வியாழக்கிழமை காலையில் தவளைகளே குடை கேட்டு வீடு வீடாக வரத் தொடங்கிவிட்டன. தறப்பாளுக்குக் கீழே குந்தியிருந்த லோஜினி நீலப் பீப்பாய்க்குள் கையை விட்டு ஒரு பிடி நெத்தலியை அள்ளி மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள். பிறகு அதைத் திரும்பப் போட்டாள்.

"என்னடி, மணக்குதோ?" என்று கேட்டாள் பக்கத்தில் இருந்த சிவாஜினி.

"மீனுக்கு வயிறு வெடிக்கத் தொடங்கிட்டுது."

திங்கட்கிழமை கடல் வள்ளலாகிக் கொட்டிக் கொடுத்த நெத்தலி அது. கரைவலையை இழுத்தவர்களின் கை அன்றைக்கு இரண்டு முழம் நீண்டுவிட்டது என்று ஊரில் கதை. பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து எட்டுப் பீப்பாயில் நானூறு கிலோ உப்பிட்டு வைத்திருந்தார்கள். காய்ந்தால் நூறு கிலோ கருவாடு. கண்டியில் நாலு கடை வைத்திருக்கும் முதலாளி ஒருவர், மணல் கடிபடாத சுத்தமான நெத்தலி நூறு கிலோ சனிக்கிழமைக்குள் வேண்டும், பிடித்தால் மாதாமாதம் எடுப்பேன் என்று சொல்லியிருந்தார். கிண்ணியா முனீப் நானாவின் லொறி சனி மத்தியானம் வந்து ஏற்றிப் போகும்.

லோஜினிக்கு அந்த நூறு கிலோ வெறும் கருவாடல்ல. கணவன் சுகிர்தன் வள்ளத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து படுத்து ஒன்றரை வருடம். அதே சனிக்கிழமை பின்னேரம் வெளிநாட்டு ஏஜென்சிக்காரர் அவளுடைய வீட்டுக்கு வருவார். நெத்தலி காய்ந்தால் அவள் ஊரில் நிற்பாள். காயாவிட்டால் குவைத்தில் யாரோ வீட்டுக் குசினியில் சமையல் வேலை; இரண்டு பிள்ளைகளும் போனுக்குள் அம்மாவைப் பார்ப்பார்கள்.

பாஸ்போட் தயாராக ஃப்ரீசர் பெட்டிக்குள் கிடந்தது. போன வருடம் ஒரு தொண்டு நிறுவனம் அந்தப் பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கொரு ஃப்ரீசர் கொடுத்தது. மாலை போட்டுப் படம் எடுத்தது. கரண்டுக்கு என்ன செய்வீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதனால் உலகத்திலேயே எலி கடிக்காத, பூச்சி அரிக்காத அலுமாரிகள் உள்ள ஒரே ஊர் சல்லிதான். கல்யாணச் சேலை, பள்ளிக் கொப்பி, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அதற்குள்தான்.

இவ்வளவு அந்தரத்துக்கும் மருந்து முப்பது காலடி தூரத்தில் நின்றது. புத்தம்புது உலர்த்தும் வீடு. கூரை கண்ணாடி மாதிரித் தடித்த பொலித்தீன், உள்ளே தட்டுத் தட்டாக வலை, பின்பக்கம் அடுப்பு. வெயில் இல்லாவிட்டால் தேங்காய்ப் பொச்சுமட்டையை எரித்தால் போதும், பற்றரியில் ஓடும் மின்விசிறி சூடான காற்றை உள்ளே ஊதும். கட்டி முடித்துப் பத்து நாள். ஆனால் கதவில் ஒரு பூட்டு. பூட்டுக்கு மேலே ரிப்பன். ரிப்பன் என்றால் அப்படியொரு ரிப்பன்! வீட்டை நாலு தரம் சுற்றிய பிறகும் மிச்சம் குச்சவெளி வரைக்கும் இழுக்கலாம்.

ஊர் மீனவர் சங்கச் செயலாளர் வினோதன் குடையோடு வந்து அந்த ரிப்பன் நனைந்து சாயம் போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, கதவத் திறந்து விடுங்கோ. கையெடுத்துக் கும்பிடுறன்," என்றாள் லோஜினி.

"அக்கா, விளங்கிக் கொள்ளுங்கோ. பிரதம விருந்தினர் வாற புதன்தான் வாறார். ரிப்பன் வெட்ட முதல் பாவிச்சால், காசு போட்டுக் கட்டின பாக்கியரத்தினம் ஐயா என்னைத்தான் வெட்டுவார்."

"அப்ப நெத்தலிக்கும் ஒரு கடிதம் போட்டு விடுங்கோவன்," என்றாள் சிவாஜினி. "புதன் மட்டும் பழுதாகாமல் இருக்கச் சொல்லி."

"பகிடி விடாதேங்கோ அக்கா. இப்ப மீனை வைச்சால் உள்ளுக்கு மணக்கும். பெரிய மனுசன் புது வீட்டுக்குள்ள காலடி வைக்கேக்க மீன் மணக்கலாமோ?"

மீன் காய வைக்கிற வீடு மீன் மணக்கக் கூடாது. இந்த ஞானத்தை உதிர்த்துவிட்டு வினோதன் குடையைச் சுழற்றிக்கொண்டு போனான். பூட்டின் திறப்பு அவனிடம் இல்லை என்றும், அது ஐயாவின் மடியில் இருக்கிறது என்றும் போகிற போக்கில் சொன்னான்.

மத்தியானத்துக்குள் இரண்டு பீப்பாய் போய்விட்டது. பெண்கள் அதைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். ஒருத்தியும் அழவில்லை, மழை எல்லார் முகத்திலும் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது.

"மிச்சத்தைக் கோழித்தீன்காரனுக்குக் குடுப்பம்," என்றாள் ஒருத்தி. "லோஜினிதான் ஆசை காட்டினவள். கண்டியாம், கடையாம்."

லோஜினி ஒரு பேசின் நிறைய, பழுதாகிப் போகவும் நல்லதாக இருக்கவும் தெரியாமல் நடுவில் நின்ற நெத்தலியை அள்ளினாள். சைக்கிள் கரியரில் கட்டினாள். முச்சக்கரவண்டிக்காரன் அந்த மணத்துக்கு ஏற்கெனவே மூன்று காணி தூரம் ஓடியிருந்தான். மழைக்குள் உப்புவெளிப் பக்கம் மிதித்தாள்.

பாக்கியரத்தினம் தங்கியிருந்த ஹோட்டல் கடலைப் பார்த்த பெரிய கட்டடம். பேசின் உள்ளே நுழைந்ததும் வரவேற்பில் நின்ற பெண்ணின் பவுடர் உருகியது. கூரைக் காற்றாடி ஒரு நிமிடம் எதிர்ப்பக்கம் சுற்றியது. காவலாளி தடுக்க வந்தான், ஆனால் மூக்கைப் பிடித்த கையால் வேறு எதையும் பிடிக்க ஏலவில்லை.

பாக்கியரத்தினம் கட்டைபறிச்சானில் பிறந்தவர். நாற்பது வருடமாகக் கனடாவில் கடை நடத்தி உழைத்தவர். கெட்ட மனிதர் இல்லை. உலர்த்தும் வீட்டுக்குச் செலவழித்தது முழுக்க அவருடைய சொந்த உழைப்பு. பதினொரு நாளாக விழாப் பேச்சைத் திருத்திக் கொண்டிருந்தார். 'கடல் தாயின் புதல்விகளே' என்பதா, 'கடலன்னையின் செல்விகளே' என்பதா என்ற இடத்தில் நிற்கிறது. அந்தப் பேச்சுக்கு மேலேயே லோஜினி பேசினை வைத்தாள்.

"என்ன பிள்ளை இது?"

"உங்கட தருமம் ஐயா. மூண்டு நாள் பழசு."

பாக்கியரத்தினத்துக்கு முகம் சிவந்தது. "வாயைப் பார்த்துக் கதையுங்கோ. ஆசை ஆசையாக் கட்டின வீடு அது. நாலு பேர் பார்க்க வேண்டாமோ? பார்த்தால்தானே இன்னும் நாலு பேருக்குக் குடுக்க மனம் வரும்?"

"ஓம் ஐயா. என்ர வீட்டில ஒரு ஃப்ரீசர் பெட்டி நிக்குது. அதையும் நாலு பேர் பார்த்தவை, படமும் எடுத்தவை. இப்ப அதுக்குள்ள என்ர பாஸ்போட் கிடக்கு. சனி பின்னேரம் ஏஜென்சிக்காரர் வாறார். இந்த நெத்தலி காஞ்சால் நான் என்ர பிள்ளையளோட நிப்பன். காயாட்டில் குவைத். உங்கட விழா புதன். அண்டைக்குக் கைதட்ட நான் இங்க இருக்க மாட்டன்."

பாக்கியரத்தினம் பேசினைப் பார்த்தார். வெடித்த வயிறுகள், வெள்ளிக் கண்கள். கீழே அவருடைய பேச்சில் 'கடல் தாய்' ஊறிக் கரைந்துகொண்டிருந்தாள். அவருடைய கை தானாக வேட்டி மடிக்குப் போயிற்று. கோயிலில் வைத்துப் பூசை செய்த அந்தத் திறப்பில் இன்னும் குங்குமம் காயாமல் இருந்தது.

"எத்தினை பீப்பாய் மிச்சம்?"

"விடியக்காலம் எட்டு. நான் வெளிக்கிடேக்க ஆறு."

"ஏன் பிள்ளை முதலே வந்து சொல்லேல்லை?"

"பெரிய இடமெண்டு பயந்திட்டம் ஐயா. குடுக்கிறவையோட வாய் காட்டக்கூடாது எண்டு பழகிட்டம்."

அவர்கள் வந்து சேரும்போது பீப்பாய் ஐந்தாகியிருந்தது. வினோதன் பட்டுத் துணி விரித்த தட்டையும் புதுக் கத்தரிக்கோலையும் தேடி நாலு பக்கமும் ஓடினான். லோஜினி இடுப்பிலிருந்த மீன் கத்தியால் ஒரே இழுப்பில் ரிப்பனை அறுத்தாள். பாக்கியரத்தினம் தன் கையாலேயே பூட்டைத் திறந்தார். பிறகு பன்னிரண்டு பெண்களும் கைமாற்றிக் கைமாற்றித் தட்டுகளில் நெத்தலியைப் பரப்பின வேகத்தைப் பார்த்தால், செத்த நெத்தலி நீந்திப் போய் இடம் பிடித்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் அடுப்புக் கதவு நிற்கவில்லை. கடற்காற்று அதைத் திறந்து திறந்து மழையை உள்ளே அடித்தது. நெருப்பு மூன்று தரம் அணைந்தது. மூன்றாம் தரம் லோஜினி சாம்பலுக்கு முன்னால் அப்படியே இருந்துவிட்டாள்.

"தள்ளு பிள்ளை," என்றது ஒரு குரல். பாக்கியரத்தினம் கறுப்புக் கல் ஒன்றைத் தூக்க மாட்டாமல் தூக்கி வந்தார். தங்க எழுத்தில் அவருடைய பெயர், பிரதம விருந்தினர் பெயர், செயலாளர் பெயர் எல்லாம் வெட்டிய நினைவுக் கல். அதைக் கதவுக்கு அண்டை கொடுத்தார். அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியது. அத்தனை பேர் பெயரும் நெருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றன.

"முதல் தரம் இந்தக் கல்லால ஒரு பிரயோசனம்," என்றாள் சிவாஜினி. கனடாக்காரர் சிரித்தார். முகமெல்லாம் கரி.

சனி மத்தியானம் முனீப் நானா லொறியை நிறுத்தி இறங்கியபோது தராசில் நின்றது அறுபத்திரண்டு கிலோ. கேட்டது நூறு. முனீப் ஒரு நெத்தலியை வாயில் போட்டுக் கடித்தார். கண்ணை மூடினார். பிறகு போனை எடுத்தார்.

"முதலாளி, அறுபத்திரண்டுதான் ஈக்கி... ஓம், மழை... மணலா? பல்லுக்கு வேலையே இல்ல. கண்ணாடி மாதிரி மொறுமொறுங்குது." கேட்டுக்கொண்டே நின்றார். அந்த அரை நிமிடத்தில் சல்லிக் கடலில் அலை அடிக்கவில்லை. "தங்கச்சி, இருக்கிறத ஏத்தட்டாம். மிச்சம் அடுத்த மாசம் தரோணுமாம். மாசாமாசம்."

பொதிகளைக் கட்டக் கயிறு காணாமல் போக, பெண்கள் ரிப்பனை வெட்டிக் கட்டினார்கள். கண்டிக்குப் போன முதல் நெத்தலி சிவப்பு ரிப்பன் கட்டி, கல்யாணப் பரிசு போலத்தான் போனது.

பின்னேரம் ஏஜென்சிக்காரர் வந்தார். லோஜினி ஃப்ரீசர் பெட்டியைத் திறந்து பாஸ்போட்டை எடுத்தாள். அதிலிருந்த தன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிள்ளைகளின் கொப்பிகளுக்கு அடியில் திரும்ப வைத்து மூடினாள்.

"அண்ணை, நான் வரேல்லை. இங்க எனக்கு வேலை கிடக்கு."

ஏஜென்சிக்காரர் போனதும், வாசலில் நின்ற பாக்கியரத்தினம் பழக்க தோசத்தில் கேட்டார்: "இன்னொரு வீடு கட்டித் தரட்டோ?"

"வேண்டாம் ஐயா," என்றாள் லோஜினி. "கனடாவில எங்கட நெத்தலிய வாங்க ஆள் பிடிச்சுத் தாங்கோ. குச்சவெளியிலயும் பெண்டுகள் மழையப் பார்த்து அழுதுகொண்டுதான் இருக்கினம். அவைக்கு அடுத்த வீட்ட நாங்கள் உழைச்சுக் கட்டிக் குடுப்பம்."

"ரிப்பன் இல்லாமல்," என்றாள் சிவாஜினி.

புதன்கிழமை பிரதம விருந்தினர் பரிவாரத்தோடு வந்து இறங்கினார். வீடு திறந்து கிடந்தது, புகைந்தது, ஊரையே தூக்கும் அளவுக்குக் கருவாடு மணத்தது. "அப்ப நான் எதை வெட்டுறது?" என்று கேட்டார். சிவாஜினி மரியாதையாக ஒரு பேசின் பாரை மீனையும் ஒரு கத்தியையும் அவருக்கு முன்னால் வைத்தாள்.

சிரிப்பு அடங்கியதும் பாக்கியரத்தினத்தைப் பேசச் சொன்னார்கள். பதினொரு நாள் எழுதிய பேச்சு நெத்தலியோடு போய்விட்டது. அவர் மடியைத் தடவி, அந்தத் திறப்பை எடுத்து லோஜினியின் கையில் வைத்தார்.

"வீட்டைக் குடுத்துப் போட்டுத் திறப்ப மடியில வைச்சிருந்தனான். அதால மூண்டு பீப்பாய் மீன் போச்சுது; கொஞ்சம் பிந்தியிருந்தால் ஒரு தாயும் போயிருப்பாள். குடுக்கிறவன் கையை எடுக்க வேணும். அப்பதான் வாங்கினவை தங்கட கையால உழைச்சு, அடுத்தவைக்கும் குடுக்கிற ஆக்களா எழும்புவினம். இது எனக்கு அறுபத்தாறு வயசில ஒரு பேசின் நெத்தலி படிப்பிச்ச பாடம்."