பெரிய டிரம்முக்குப் பின்னால் ஒரு கில்ட்

1

இந்தக் கதை ஒரு ஜோடி முழங்காலில் தொடங்கியது. 2001இல், ராயபுரத்தில் ஒரு கல்யாண ஊர்வலம். பை வைத்த குழலான பேக்பைப்பை ஊதியவர்களுக்குப் பின்னால், கடைசி வரிசையில் பெரிய டிரம் வந்தது. அதன் அடியில் இரண்டு முழங்கால்களும், நாலு விரல் அகலத்துக்குச் சிவப்புக் கட்டம்போட்ட துணியும் தெரிந்தன. மற்றதை டிரம் மறைத்தது. மறைந்ததை எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் எழுதிய வரி: 'கிருஷ்ணப்பன் பாவாடை தைக்க உட்கார்ந்ததும் திருவொற்றியூரே சிரித்...'

(விட்டுவிட்டேன். ஊருக்கு வேறு வேலை இருந்தது.)

2

கிருஷ்ணப்பன் திருவொற்றியூர்க்காரர், எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். தொழிற்சாலைக்கென்று ஒரு பேண்டு இருந்தது. அதில் எல்லாருக்கும் கில்ட் கொடுத்தார்கள், ஸ்காட்லாந்துக்காரர்கள் கட்டும் கொசுவப் பாவாடை. பெரிய டிரம் அடிப்பவருக்கு மட்டும் கால்சட்டை. டிரம்தான் மறைத்துவிடுமே என்று துணியை மிச்சம் பிடித்தார்கள். பதினோரு வருடப் புகைப்படங்களில் டிரம்முக்கு மேலே ஒரு தலையாகத்தான் அவர் இருக்கிறார்.

தொழிற்சாலையை மூடியபோது மற்றவர்கள் கில்டை வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். பேண்டில் பேக்பைப் ஊதிய செங்குட்டுவன் அவர்களைச் சேர்த்துக் கல்யாணங்களுக்கு வாசிக்க ஏற்பாடு செய்தார். முதல் கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. ஊர்வலம் முடிந்ததும் வாத்தியங்களை இறக்கிவைத்து, மணமக்களோடு ஒரு போட்டோ.

"நீ பேண்ட்டே போட்டுக்கோ மாமு. யாரு பாக்கப் போறாங்கோ?" என்றார் செங்குட்டுவன்.

"டிரம்ம எறக்குனா பாப்பாங்க" என்றார் கிருஷ்ணப்பன்.

3

மனைவி பச்சையம்மா தெருவுக்கே ஜாக்கெட் தைப்பவர். தானே தைத்துத் தருவதாகச் சொன்னார். கிருஷ்ணப்பன் கேட்கவில்லை. எம்.சி. ரோட்டுத் துணிக்கடையில் சிவப்புக் கட்டம்போட்ட பள்ளிச் சீருடைத் துணி ஏழு கெஜம் வாங்கிவந்தார். இரும்பு ஸ்கேலை வைத்து, இரும்புத் தகட்டில் கோடு போடுவதைப் போலவே சாக்பீஸால் கோடு போட்டார். மூன்று நாளில் இடுப்பைச் சுற்றி ஒரே அளவில் கொசுவம் வைத்துத் தைத்து, இஸ்திரியும் போட்டுவிட்டார்.

ஞாயிறு காலை பச்சையம்மா அதை விரித்துப் பார்த்தார்.

"இன்னாயா, முன்னாடியும் கொசுவம் வச்சிக்கீறே? அவுங்களுது முன்னாடி கொசுவமில்லாம, துண்டு கட்ன மாதிரி பட்டையால்ல கீது."

"பதினோரு வருசம் பாத்துகினே நடந்தவன் நானு. சுத்தியும் கொசுவந்தான்."

"நீ பாத்தது அவுங்க முதுவ. கம்பெனி விழாவுல எதுர்ல நின்னு பாத்தவ நானு."

கிருஷ்ணப்பன் கடைசி வரிசைக்காரர். முன்னால் போன ஏழு பேருடைய முன்பக்கத்தை அணிவகுப்பில் அவர் ஒருமுறையும் கண்டதில்லை.

4

(வாசகர் கேட்கலாம்: ஒரு கில்டை இரவல் வாங்கிப் பார்த்திருந்தால் என்ன? அப்படி ஒரு காட்சி எழுதினேன். செங்குட்டுவன் வீட்டு வாசல்வரை போன கிருஷ்ணப்பன் கதவைத் தட்ட மறுத்துவிட்டார். பதினோரு வருடம் தனக்குக் கொடுக்காததை அரை மணி நேரத்துக்குக் கேட்டு வாங்க அவருக்கு வாய் வரவில்லை. காட்சியை அடித்தேன்.)

5

இரண்டு முடிவுகள் கைவசம் உண்டு.

அ. முன்பக்கத்தைப் பிரிக்கிறார். துணி அகலமாகிறது. அதை முன்னால் ஒன்றின்மேல் ஒன்றாகப் பட்டையாகச் சுற்றிக்கொள்கிறார். மற்றவர்களுடையதைப் போலவே ஆகிறது. ஆனால் ஊசித் துளைகளும் இஸ்திரி மடிப்பும் சீருடைத் துணியில் அப்படியே தெரியும்.

ஆ. பிரிக்காமலே கட்டிக்கொள்கிறார். தையல் சுத்தம். ஆனால் போட்டோவில் எட்டுப் பேரில் ஒருவர் மட்டும் முன்னாலும் கொசுவத்தோடு...

பச்சையம்மா இரண்டில் எதையும் சொல்லவில்லை. மெஷின் மேல் தையல் பிரிக்கும் பிளேடை வைத்துவிட்டுச் சோறு வடிக்கப் போனார். நாலு மணிக்கு ராயபுரத்தில் இருக்க வேண்டும்.

6

ஊர்வலம் மண்டபத்தை அடைந்துவிட்டது. பேக்பைப்புகளை இறக்கிவிட்டார்கள். போட்டோக்காரர் வரிசைப்படுத்துகிறார். டிரம்மைத் தாங்கும் வாரின் கொக்கியில் கிருஷ்ணப்பன் கை வைத்திருக்கிறார். பிரித்தாரா இல்லையா என்பது இன்னும் டிரம்முக்குப் பின்னால்தான் இருக்கிறது.

இதற்கு மேல் எழுதினால் டிரம்மை நான் இறக்க வேண்டியிருக்கும். அது அவர் இறக்க வேண்டியது. நான் நகர்ந்துகொள்கிறேன். நீங்கள் முன்னால் வந்து நில்லுங்கள். பக்கத்தில் பச்சையம்மா நிற்கிறார், இடித்துவிடாதீர்கள்.