தனித்தனியே கேட்கவும்

"எங்க வீட்டையும் சேத்துக்கிட்டா நாடே ஏழையாயிடும்மா" என்று சிரித்த ஓட்டுநர், சொத்துக் கணக்கெடுக்க வந்தவள் டேப்லெட்டைத் திறந்து வீடு சொந்தமா வாடகையா என்று கேட்டதும் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி, தைத்த துணிகளைக் கொடுத்துவிட்டு வர வெளியே போயிருந்தாள். அப்படியும் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"இது வெளிய போகாதுல்ல?"

"போகாதுங்க. சத்தியம் வாங்கிட்டுத்தான் வேலையே குடுத்தாங்க."

"அப்ப வாடகைன்னு போட்டுக்கம்மா."

தம்பியின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டது, தம்பி கையை விரித்தது, போன வருஷம் வீட்டை விற்றது, வாங்கியவர் பெரிய மனசு பண்ணி இவர்களையே குடிவைத்தது, எல்லாவற்றையும் தரையைப் பார்த்தபடியே சொல்லி முடித்தார். "அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா தாங்கமாட்டா."

நாட்டின் சொத்து எந்த வீட்டில் எவ்வளவு குவிந்திருக்கிறது, எங்கே ஒன்றுமே இல்லை என்று அளக்கிற கணக்கு இது. பொறுக்கியெடுத்த ஒவ்வொரு வீடும் இரண்டாயிரம் வீடுகளுக்குச் சமம் என்று பயிற்சியில் சொன்னபோது வந்தவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கணவனையும் மனைவியையும் தனித்தனியே கேட்க வேண்டும், ஒருவர் சொன்னதை மற்றவரிடம் மூச்சுவிடக் கூடாது. அதுதான் விதி.

மனைவி வந்ததும் ஓட்டுநர் கூடத்துக்கு நகர்ந்தார். தையல்காரி உள்ளறையில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஆசையாகவே பதில் சொன்னாள். தையல் மெஷின் ஒன்று, பீரோ ஒன்று, தோடு ஒரு ஜோடி.

"வீடு?"

"சொந்தந்தான், இதென்ன கேள்வி? என் கழுத்துல கையில கிடந்ததெல்லாம் இந்தச் சுவத்துக்குள்ளதான் இருக்கு." சுவரைத் தட்டிக் காட்டினாள்.

சொந்தம் என்று அழுத்தியதும் திரையில் சிவப்புக் கட்டம் வந்தது. இரண்டு பதில்களும் ஒத்துப்போகவில்லை, மறுபடி கேட்கவும். இதை வடிவமைத்தவன் கல்யாணம் ஆகாதவனாகத்தான் இருக்க வேண்டும். கேட்பதே காட்டிக்கொடுப்பதுதான். ஆனால் டேப்லெட்டில் பேச்செல்லாம் ஒலிப்பதிவாகிக்கொண்டிருந்தது. கேட்காமலே கேட்டதாக எழுதிய இரண்டு பேரைப் போன வாரம்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

"அக்கா, இன்னொரு தடவை சொல்லுங்க. வீடு சொந்தமா, வாடகையா?"

"இப்பத்தானே சொன்னேன்?"

"சும்மாதான்க்கா. இந்த டேப்லெட் கேக்குது."

"மத்ததெல்லாம் ஒரு தடவைதானே கேட்டுச்சு?"

வந்தவள் டேப்லெட்டை மடியில் கவிழ்த்தாள். தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. தையல்காரி ஸ்டூலை விட்டு எழுந்தாள்.

"இருங்க, பத்திரத்தையே கொண்டாறேன். பாத்துட்டு எழுதிக்குங்க."

பீரோவைத் திறந்து துணிகளை எடுத்து எடுத்துக் கட்டிலில் போட்டாள். கூடத்தில் நாற்காலி நகர்ந்தது. ஓட்டுநர் கதவு வரைக்கும் வந்து, உள்ளே வராமல், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இங்கதானே வச்சிருந்தேன்" என்றாள் தையல்காரி, திரும்பிப் பார்க்காமல், அடுத்த தட்டுக்குள் கையை விட்டபடி.