வரிசையில் கடைசி மடிக்கணினி

மூத்த மருமகளுக்குக் கிடைக்கவிருந்த வேலை அவள் கண் முன்னாலேயே கை நழுவிப் போனது. காது கேளாத நோயாளிகளுக்கும் மருத்துவர்களுக்கும் நடுவே, வீட்டிலிருந்தபடி ஒரு மருத்துவமனைக்காக வீடியோவில் சைகை மொழிபெயர்க்கும் வேலை அது. கடைசித் தேர்வில் திரையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவிலிருந்த அம்மாள் காது கேளாதவர். அவர் சைகையைப் பார்த்து இவள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நெஞ்சைத் தொட்ட அந்தக் கை திரையில் அப்படியே உறைந்தது. மறுபடி அசைந்தபோது வாக்கியமே முடிந்திருந்தது. நான்கு முறை இப்படி ஆனதும் அந்த அம்மாள் கைகளை மேசைமேல் வைத்துவிட்டார். மறுநாள் ஒற்றை வரியில் நிராகரிப்பு வந்தது.

வீட்டு இணையத்துக்கு அதிகாரி கொழுந்தன். படிப்பைப் பாதியில் விட்டவன் என்றாலும் வீட்டில் அவனுக்குப் பெயர் 'இன்ஜினியர்'. வீடியோ ஏன் நின்று நின்று வந்தது என்று அவனிடம் போய்க் கேட்டாள்.

"உங்க லேப்டாப் பழசு அண்ணி. அதுக்கு நெட்டு என்ன பண்ணும்?" என்றான், விளையாட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். அவளும் நம்பிவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து வயர் மாற்ற இணைப்புக்காரர் வந்தார். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டைக்கூட இன்ஜினியர் மாற்றியிருக்கவில்லை. அதைப் போட்டு ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தவர் நெற்றியைச் சுருக்கினார்.

"இந்த லேப்டாப் யாரோடதும்மா?"

"என்னோடதுதான்."

"இதைப் பின்னணி வேலைன்னு குறிச்சு வெச்சிருக்காங்க. அப்டேட்டு, பேக்கப்பு மாதிரி ஓரமா ஓடுறதைத்தான் இதுல போடுவாங்க. மத்தவங்க எடுத்தது போக மிச்சம் இருந்தாத்தான் உங்களுக்கு வரும். கேம் கம்ப்யூட்டர்தான் முதல்ல நிக்குது."

மாற்றிய தேதியையும் அங்கிருந்த பதிவில் காட்டினார். தேர்வுக்கு முந்தின நாள்.

அவளுக்கு அழுகை வரவில்லை. "இதை எப்படி மாத்தறதுன்னு எனக்குச் சொல்லிக்கொடுங்கண்ணே. பாஸ்வேர்டையும்தான்" என்றாள்.

பதினோரு நாள் கறுவிக்கொண்டு காத்திருந்தாள். "தம்பி, டீ" என்று சிரித்த முகமாகவே கொடுத்தாள். ஞாயிறு மதியம் கொழுந்தனுக்கு ஆன்லைன் விளையாட்டின் இறுதிப்போட்டி. மகன் ஜெயிப்பதைப் பார்க்க மாமியார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து அறையில் மருமகள் அவன் கம்ப்யூட்டரைப் பின்னணிக்குத் தள்ளினாள். தன் மடிக்கணினியை முதலில் வைத்து, இணையத்திலிருந்து ஒரு பெரிய கோப்பைப் பதிவிறக்க விட்டாள்.

"டேய் சுடுறா! ஏண்டா மரம் மாதிரி நிக்கிற?" என்று ஸ்பீக்கரில் கூட்டாளிகள் கத்தினார்கள். நாலு சுற்றிலும் அவன் ஆள் நின்ற இடத்திலேயே செத்தான். "இனிமே எங்க டீம் பக்கம் வராத" என்று கேப்டன் சொன்னது கூடம் முழுக்கக் கேட்டது. கதவுக்குப் பின்னால் நின்று மருமகள் ஒரு சொல் விடாமல் கேட்டாள். தேனாக இனித்தது.

"நெட்டு செத்துப்போச்சு அண்ணி!" என்று ஓடி வந்தான்.

"எனக்கு நல்லா வருதே தம்பி. உங்க கம்ப்யூட்டர் பழசோ என்னவோ."



மாலையில் பஞ்சாயத்து கணவனிடம் போனது. அவள் தேதியைக் காட்டினாள். கணவன் தரையைப் பார்த்தான்.

"அவன் என்கிட்ட கேட்டுட்டுத்தான் மாத்தினான். பிராக்டீஸ் பண்ணணும்னான். நான்தான் சரின்னேன்."

"மறுநாள் எனக்குப் பரீட்சைன்னு தெரியும்ல?"

"தெரியும். கையை ஆட்டுறதுக்கு எதுக்கு அவ்வளவு ஸ்பீடுன்னு..."

கொழுந்தன் செய்தது வலித்தது. இது அறுத்தது. ரவுட்டர் பக்கத்தைத் திறந்து, கணவனின் போனையும் பின்னணியில் போட்டாள்.

மறுநாளே தேதியோடு அந்தப் பதிவைப் படமெடுத்து மருத்துவமனைக்கு விளக்கம் எழுதினாள். ஒரு மாதத்தில் மறுதேர்வு வைத்தார்கள். இம்முறை ஒரு விரலசைவுகூடத் தப்பவில்லை. முடிவில் அந்த அம்மாள் இரு கைகளையும் உயரத் தூக்கி ஆட்டினார். காது கேளாதவர்களின் கைதட்டல் அது. வேலை கிடைத்தது.

கொழுந்தன் இப்போதெல்லாம் நண்பன் வீட்டில்தான் விளையாடுகிறான். கணவன் வீடியோ பார்க்கப் போனை எடுத்துக்கொண்டு சிக்னல் கிடைக்கும் தெருமுனைக்குப் போகிறான். போன வாரம் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி?"

"ஆத்திரம் தீரட்டும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த நோயாளிக்காகக் கதவைச் சாத்திக்கொண்டாள்.