நவம்பரில் உதிராத மரம்

நூர் முகம்மது மவுத்தாகி நாற்பது நாள் முடிவதற்குள், கொலம்பஸ் ஊர்ப் பக்கம் அவர் வாங்கிப் போட்டிருந்த பதினொரு ஏக்கரை என்ன செய்வது என்று அவர் வீட்டாரைத் தவிர, அவர்கள் குடியிருந்த பேர்லேண்டில் எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள். விற்றுவிடுவதாம். மகன் இர்ஃபானுக்கும் அதுதான் சரியாகப் பட்டது. மனைவி சாலிஹா மட்டும் அதில் மரம் வைக்கப்போவதாகச் சொன்னாள். மனிதர் தின்ன அல்ல, மான் தின்ன. மவுத்தானவர் பேரில் வைத்த மரத்தில் எந்த வாயில்லா ஜீவன் பசியாறினாலும் நன்மை அவருக்குப் போய்ச் சேரும். புருஷனுக்கு அவளால் இனி அனுப்பக்கூடியது அது ஒன்றுதான்.

கன்று வாங்கப் புறப்பட்டபோது அடுத்த வீட்டு நாகலக்ஷ்மியும் கூடவே காரில் ஏறிக்கொண்டாள். துணைக்கு என்று சொன்னாள். அந்த நிலத்தைக் கண்ணால் பார்க்காமல் அவளுக்குத் தூக்கம் பிடிக்காது என்பது தெருவுக்கே தெரியும்.

நர்சரிக்காரர் நல்ல மனிதர். இந்தப் பக்கத்து மானுக்கு நாட்டு பெர்சிமன் என்றால் உயிர், பழம் கீழே விழ விழத் தின்னும் என்றார். ஆனால் ரகத்துக்கு ரகம் உதிரும் காலம் வேறு. எந்த மாதம் வேண்டும்?

சாலிஹா யோசிக்கவில்லை. நூர் முகம்மது போனது நவம்பரில். "நவம்பர்," என்றாள்.

எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள் என்று அவர் மகிழ்ந்து, சீக்கிரம் காய்க்கும்படி இடுப்புயரக் கன்றுகளாகப் பொறுக்கிக் கொடுத்தார். இந்த ஊர்க்காரர்களுக்கு மான் மேல் இத்தனை பிரியமா என்று சாலிஹாவுக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது.

நிலத்தில் இர்ஃபான் கன்றுகளை இறக்கும்போது, வேலிக்கு அப்பால் நாலு காலில் நின்ற மரப்பெட்டியை நாகலக்ஷ்மிதான் பார்த்தாள். அடுத்தவர் வேலிக்கு அப்பால் பார்ப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

"அது என்னடா இர்ஃபான், வாட்டர் டேங்கா?"

"டியர் ஸ்டாண்ட், ஆன்ட்டி. உள்ள உக்காந்து மானை ஷூட் பண்ணுவாங்க. நவம்பர்ல சீசன் ஓப்பன் ஆகும்."

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. சாலிஹா கையிலிருந்த கன்றைத் தரையில் வைத்தாள்.

"அதனாலதான் எல்லாரும் நவம்பர் கேக்குறாங்களா?"

"உம்மா, ஹன்ட்டிங் ஹலால்தானே?"

"ஹலால்தான். அதுக்காக உங்க வாப்பா பேரைச் சொல்லி விருந்துக்குக் கூப்பிட்டு, வாசல்ல துப்பாக்கியோட ஆளை நிறுத்துறதா?"

"நாம சுடலையே. பக்கத்து லேண்ட்காரன்தானே."

"கூப்பிட்டது நாமதானே."

நாகலக்ஷ்மிக்குப் பொறுக்கவில்லை. "ஏன் சாலிஹா, இதை வித்து உங்க மசூதியில சாப்பாடு போட்டா புண்ணியம் வராதா? மானுக்குத்தான் போடணுமா?"

"மசூதியில போட்டா நாலு பேர் நம்மளப் புகழ்வாங்க, நாகு. மானுக்கு அந்தப் பழக்கமில்ல."

அன்றே கன்றுகளைத் திருப்பி ஏற்றிக்கொண்டு நர்சரிக்குப் போனார்கள். நவம்பரில் உதிரக் கூடாது என்று கேட்டதும் நர்சரிக்காரர் முகம் சுருங்கியது. ஜனவரிக் கடைசிவரை பழத்தை விடாமல் வைத்திருக்கும் ரகம் ஒன்று உண்டாம். சீசன் முடிந்து உதிர்ந்து என்ன பயன் என்று அதை யாரும் வாங்குவதில்லை. கொட்டகைக்குப் பின்னால் விரல் தடிமனில் சில குச்சிகள் நின்றன. காய்க்க ஏழெட்டு வருஷமாகும் என்றார். இலையெல்லாம் கொட்டி, காட்டில் மேய ஒன்றுமில்லாத குளிரில் இதில் மட்டும் பழம் தொங்கும் என்றும் சொன்னார்.

"அப்பதான் அதுங்களுக்குப் பசி ஜாஸ்தியான்னு கேளுடா."

இர்ஃபான் கேட்டான். அவர் தலையசைத்தார்.

"அப்போ இதையே குடுக்கச் சொல்லு."

"எட்டு வருஷம், உம்மா. அதுவரைக்கும் வாப்பாவுக்கு ஒண்ணும் போய்ச் சேராதே."

"அவங்களுக்கு இனிமே என்ன அவசரம்? காத்திருப்பாங்க. நிலத்தை விக்காம நாமதான் காத்திருக்கணும்."

இர்ஃபான் பணத்தை எடுத்துக் கொடுத்தான். குச்சிகளைக் காரில் அடுக்கினான். வழியெல்லாம் நாகலக்ஷ்மியே வாய் திறக்கவில்லை. பேர்லேண்டில் சொன்னால் நம்பமாட்டார்கள்.

மரப்பெட்டிக்கு எட்டாத மூலையில் இர்ஃபான் முதல் குழியைத் தோண்டினான். ஜனாஸா அடக்கத்தன்று வாப்பாவின் கபரில் மண் தள்ளும்போதும் கல்லாக நின்ற பிள்ளை. வேர் மூழ்கும் ஆழம் வந்ததும், "போதும்பா," என்றாள் சாலிஹா. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோண்டியபடியே இருந்தான். அவள் அவனை அவன் போக்கில் விட்டுவிட்டு, கன்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.