சீட்டு வெளுத்த துணிகள்

படுக்கையறையில் படீரென்று ஒரு சத்தம். கொல்லைப்பக்கம் படுக்கை விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்த லாண்டரியம்மா அதை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். புயல் விட்டுவைத்திருந்த கடைசிக் கூரைத் தகடு கட்டிலின் மேல் கால் நீட்டிப் படுத்திருந்தது. தலைக்கு மேலே வானம். ஒன்றுமே நடக்காததுபோல, துவைத்து நீலம் போட்ட மாதிரி இருந்தது.

"என்ன விழுந்துச்சு?" முன்னறையிலிருந்து கணவரின் குரல்.

"மிச்சம் விழுந்துச்சு. இனிமே விழறதுக்கு ஒண்ணுமில்ல, நிம்மதியா இருங்க."

 மூன்று நாளாக அவர் வாயைத் திறப்பதே அபூர்வம். தெருவில் அவருக்குக் கஞ்சி என்று பட்டப்பெயர். அவர் துணிக்குப் போடும் கஞ்சி அவ்வளவு மொடமொடப்பு. ஆளும் அதே விறைப்பு. வீட்டின் முன்னறைதான் கடை. இருபத்திரண்டு வருஷமாக, 'இன்ன கிழமை வாங்க' என்று அவர் சொன்னால் அன்றைக்குத் துணி தயார். ஜுரத்தில் கிடந்தபோதுகூட, ஒரு கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் இஸ்திரி போட்டவர்.

புயல் அன்று கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அலமாரிகள் கவிழ்ந்து நூற்றுமுப்பது உருப்படியும் சேற்றில் மிதந்தன. அது பெரிதில்லை, துணி நனைவது லாண்டரிக்குப் புதிதா என்ன? வினை வேறு இடத்தில் இருந்தது. எது யாருடையது என்று தெரிய, ஒவ்வொரு துணியிலும் ஒரு சின்னத் துணிச்சீட்டைக் குத்தி, வெந்நீருக்கும் அசையாத கெட்டி மையில் எண் போடுவது அவர் வழக்கம். அந்த வாரம் மை தீர்ந்துபோயிருந்தது. ஒரு வாரம்தானே என்று சாதாரணப் பேனா மையில் எழுதிவிட்டார். எந்தத் துணியை எப்படித் துவைக்க வேண்டுமென்று ஊருக்கே சொல்கிற மனிதர், தண்ணீரில் கரைகிற மையில் எழுதினார். புயல் அதைத்தான் முதலில் துவைத்தது.

மறுநாள் காலையில் அந்த வெள்ளைச் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு போனை எடுத்துத் தன் அக்காவிடம், "சரிக்கா, வந்துடறோம்" என்றார்.

இன்றைக்கு நாலு மணிக்கு வேன் வருகிறது. அக்கா வீட்டில் மாடி காலியாம். அத்தானின் கிடங்கில் இவருக்கு ஒரு வேலையாம். வீடும் கடையும் இத்தோடு சரி.

"கூரை போனா போட்டுக்கலாம்ங்க" என்று லாண்டரியம்மா ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

"கூரைக்காக இல்ல."

 ஊருக்கு முகம் காட்ட வெட்கப்பட்டு ஓடுகிறவரை எந்த முனையில் பிடித்து நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை. போக மனமில்லை என்பது மட்டும் தெரிந்தது.

வீடு முழுக்கக் கயிறு கட்டி ஊரார் துணியைக் காயப்போட்டிருந்தாள். கூடத்தில் சட்டைகள், சமையலறையில் கவுன்கள், வானம் தெரிகிற படுக்கையறையில் கோட்டுகள். கூரை இல்லாத வழியாகக் காற்று இறங்கி வந்து ஒவ்வொன்றையும் தொட்டுவிட்டுப் போயிற்று. சட்டைகள் மூச்சு விட்டன. ஒரு பச்சை விரிப்பின் ஊடாக வெயில் விழுந்து, தரையில் தேங்கிய தண்ணீரெல்லாம் பச்சையாக ஆடியது.

மதியம் ஒரு நிமிஷம் என்று அந்தக் கயிறுகளுக்குக் கீழே பாயில் சாய்ந்தாள். கண் செருகியது. துணிகள் மெதுவாக நடக்கத் தொடங்கின. கோட்டு ஒன்று காலரைத் தாழ்த்தி வணக்கம் சொன்னது. நீலப் பூ போட்ட கவுன் ஒன்று, வாசலில் செருப்பை விடலாமா என்று தயங்கியது. அவள் ஒவ்வொருவரையும் பெயர் கேட்காமலே உள்ளே கூப்பிட்டாள். 'வாங்க மருந்துக்கடைக்காரரே, வாங்க டிரைவரே, உட்காருங்க டீச்சர்.' ஒரு ஈரக் கை அவள் நெற்றியில் சொட்டென்று ஒரு துளி விட்டது.

எழுந்து உட்கார்ந்தாள். சொட்டிய சட்டையின் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"என்னங்க, இங்க வாங்க. இது மருந்துக்கடைக்காரர்."

"சீட்டுதான் வெளுத்துப்போச்சே."

"சீட்டு என்னத்துக்கு? இடது முழங்கை பளபளன்னு தேஞ்சிருக்கு பாருங்க. நாள் பூரா கவுண்ட்டர்ல ஊன்றவரு வேற யாரு? இது பஸ் டிரைவர், வலது கை மட்டும் வெயில்ல வெளுத்திருக்கு. இது லைப்ரரியம்மா, சாவிக்கொத்து கோட்டுப் பையை இழுத்துத் தொங்க விட்டிருக்கு. எழுதுங்க."

"எதுல எழுதறது? அதே மையிலயா?"

"பென்சில்ல எழுதுங்க. பென்சில் கரையாது."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு பென்சிலைத் தேடிப் போனார்.

செய்தி எப்படிப் பரவியதோ, ஒரு மணி நேரத்துக்குள் தெருவே வாசலில் நின்றது. லாண்டரியம்மா கயிற்றிலிருந்து ஒவ்வொருவராக இறக்கிக் கொடுத்தாள். ஒரே ஒரு பிசகு. தபால்காரரின் பேண்ட்டைக் கணக்கு வாத்தியாருக்குக் கொடுத்துவிட்டாள். அரை மணியில் அவர் அதை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி திரும்பி வந்தார்.

"லாண்டரியம்மா, இது பள்ளத்தாக்கு மாதிரி இருக்கு. இதுக்குள்ள நானும் போகலாம், என் தம்பியும் வரலாம்."

"மூணு நாள்ல நீங்க இளைச்சிட்டீங்களோன்னு நெனச்சேன் சார்."

கஞ்சியின் மீசை ஓரம் லேசாக அசைந்தது. மூன்று நாளில் அதுதான் முதல் தடவை.

மருந்துக்கடைக்காரர் தன் சட்டையின் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுவா என்னைக் காட்டிக்குடுத்துச்சு? கஞ்சி, நீ போயிட்டா என்னை யாருய்யா அடையாளம் கண்டுபிடிப்பா?"

கஞ்சி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. சேறு பிடித்த துணியை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்திருந்தார்கள். ஒவ்வொருவரும், "எப்ப வந்து வாங்கிக்கலாம்?" என்றார்கள். ஒவ்வொருவருக்கும் அவர் ஒரே பதில்தான் சொன்னார்.

"இல்லீங்க, புதுசா எடுக்கல. நாங்க கிளம்பறோம்."

ஒவ்வொரு தடவையும் லாண்டரியம்மாவின் கை கயிற்றிலேயே ஒரு நொடி நின்றது.

நாலு மணிக்கு ஹாரன் அடித்தது. கயிறுகள் காலி. இத்தனை பேர் போன பிறகு வீடு பந்தி முடிந்த கூடம் மாதிரி இருந்தது. நாத்தனார் வேனிலிருந்து இறங்கி, நிமிர்ந்து பார்த்து, "அடக் கடவுளே, இதுக்குப் பேரு வீடா? சீக்கிரம் தம்பி, டிரைவர் அவசரப்படறார்" என்றாள்.

"இதோ அக்கா."

இரண்டு டிரங்குப் பெட்டிகள் ஏறின. லாண்டரியம்மா கரி இஸ்திரிப் பெட்டியைப் பழைய விரிப்பில் வைத்து மூட்டை கட்டத் தொடங்கினாள். முடிச்சு விழவே மாட்டேன் என்றது. விரலா, துணியா, எது அடம்பிடிக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

கஞ்சி மூன்றாவது பெட்டியோடு வாசலைத் தாண்டும்போது ஆஸ்பத்திரி நர்ஸ் எதிரே வந்து நின்றாள். மூன்று நாள் வார்டிலேயே கிடந்த முகம். கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"அண்ணே, மூடிட்டீங்களா?"

"கிளம்பறோம்மா."

"ஓ." அவள் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "ஒண்ணுமில்லண்ணே. டியூட்டி கோட்டு. நானே தேய்ச்சுத் தேய்ச்சுப் பார்த்தேன், பழுப்பு அதிகமாத்தான் ஆவுது."

"எதுல தேய்ச்ச?"

"வெந்நீர்ல."

"வெந்நீர்லயா? கறை கெட்டியாப் புடிச்சுக்குமே." அவர் பெட்டியைக் கீழே வைத்தார். "இங்க குடு."

கோட்டை உதறி, படுக்கையறைக்கு எடுத்துப் போனார். கூரை இல்லாத அந்த அறையில்தான் இப்போது வீட்டிலேயே நல்ல வெளிச்சம். கோட்டை வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். கறையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்தார். முகர்ந்தார்.

"இதுல சேறு மட்டும் இல்ல. அயோடினும் இருக்கு."

"ஆமாண்ணே."

"டேய், வண்டியில ஏறுடா" என்று வாசலிலிருந்து அக்கா கத்தினாள்.

அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். வெள்ளைச் சீட்டு ஒன்றை எடுத்து, சுவரில் வைத்து, நிதானமாக ஓர் எண் எழுதிக் கோட்டில் குத்தினார். பாதி விழுந்த முடிச்சைப் பிடித்தபடி லாண்டரியம்மா எட்டிப் பார்த்தாள்.

அவர் யாரையும் பார்க்கவில்லை. கறையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"வியாழக்கிழமை சாயந்திரம் வாம்மா, தயாரா இருக்கும்."