மோரிஸுக்குப் புது வயர்

டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து, பூங்கோதை புது வயர்க் கட்டை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள், பச்சை, ஊதா, கறுப்பில் சிவப்புக் கோடு, முப்பது வருஷம் தொலைபேசிக் கேபிள் இணைத்த கைக்கு இது எம்மாத்திரம், ஆனாலும் ஒவ்வொரு முனையையும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள், நாளைக்குத் தங்கை மரகதத்தின் வீட்டுக்காரருக்கு அறுபதாம் கல்யாணம், அக்கா, நம்மப்பா மோரிஸ் கார்லதான் மண்டபத்துக்கு வருவேன், நீதான் ஓட்டோணும் என்று சொல்லிவிட்டாள், அவளுடைய முதல் கல்யாணத்துக்கும் இதே வண்டிதான், ஓட்டியதும் பூங்கோதைதான், அன்று எலி கடித்த வயர் யார் கண்ணிலும் படவில்லை, பாதி வழியில் ஸ்டீயரிங்குக்குக் கீழிருந்து புகை வருகிறது, எறங்கு புள்ள, எறங்கு என்று பூங்கோதை கத்துகிறாள், தூறல் போடுகிறது, மணப்பெண் அரக்குப் பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அக்காவின் கையைப் பிடித்தபடி, சிரித்துச் சிரித்து நடக்கிறாள், மண்டபத்து வாசலில் பெரியப்பா சொல்கிறார், பொம்பள வண்டியெடுத்தா இப்படித்தான், அன்றே அப்பா மோரிஸைக் கொட்டகையில் தள்ளிப் பூட்டினார், பூங்கோதை அதன்பிறகு எந்த வண்டியையும் தொடவில்லை, போன மாசம் வரைக்கும்.

கடைசி முனையையும் செருகி, பேட்டரியை இணைத்து எழுந்தபோது கொட்டகை வாசலில் மரகதம் நின்றாள், மறுபடி பத்திக்காதல்லக்கா, சும்மா இரு புள்ள, வாய வெக்காதே, சாவியைத் திருப்பினாள், சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது, முன்விளக்கு எரிந்தது, ஹாரன் அலறி மரகதத்தைத் துள்ள வைத்தது, வலப்பக்கத்துக்குச் சுவிட்சைத் தள்ளினால் இடப்பக்கக் கதவோரத்திலிருந்து திரும்பும் பக்கம் காட்டும் மஞ்சள் கைகாட்டி எழுந்தது, ரெண்டு முனையை மாற்றிச் செருகியிருக்கிறாள், அக்காவும் தங்கையும் பானெட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

காலையில் மரகதம் பட்டோடு முன்சீட்டில் ஏறினாள், வீட்டுக்காரர் தங்கவேல் மாலையை மடியில் வைத்துப் பின்னால் உட்கார்ந்தார், முன்பு புகை வந்த இடத்தில் பூங்கோதை ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள், வண்டி அதைத் தாண்டியது, மண்டப வாசலில் நாதஸ்வரம் தொடங்கிவிட்டது, சொந்தபந்தமெல்லாம் நிற்கிறது, மரகதம் கதவைத் திறக்கவில்லை, அக்கா, இன்னும் ஒரு சுத்து போலாமா, ஐயர் கூப்படறாரு புள்ள என்றார் தங்கவேல், காத்திருக்கட்டுங்க என்றாள் மரகதம், பூங்கோதை சுவிட்சை வலப்பக்கம் தள்ளினாள், இந்தத் தடவை வலப்பக்கமே மஞ்சள் கை விர்ரென்று எழுந்து நின்றது, மோரிஸ் வாசலைக் கடந்து பெரிய ரோட்டுக்குத் திரும்பியது.