பஞ்சாட்சரம் மகள் தங்கம்

மதிவாணன் எழுதும் கட்டுரை யாரைப் பற்றியதோ, அச்சுக்குப் போகும் முன் அது அவர்கள் காதில் விழுந்தாக வேண்டும். சோஷலிஸ்ட் பத்திரிகை என்று அட்டையில் போட்டுவிட்டு ஜனங்களைக் கேட்காமல் அச்சடிப்பதா என்பார். கல்யாணத்தன்று மாலை மாற்றிய கையோடு என்னை உட்காரவைத்துக் கட்டுரை வாசித்த மனுஷர்.

ஒருநாள் சாயங்காலம் அடையாற்றங்கரைக் குடிசைகளுக்கு நடுவே, தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்று வாசித்தார். வெள்ளம் வரும் என்று சொல்லி அந்த ஜனங்களை ஊருக்கு வெளியே தள்ளிவிட்டு, அதே கரையில் அடுக்குமாடி எழுப்பத் திட்டம். கட்டட முதலாளி தன் வீட்டுக் கூடத்தில் இதைப் பேசியபோது, காபி கொண்டுபோய் வைத்தவள், இந்தக் குடிசைகளில் ஒன்றிலிருந்து போய் அங்கே சமைக்கும் தங்கம். அவள் சொன்னதைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் அலைந்துதான் இவர் மற்றதையெல்லாம் உறுதிசெய்தார்.

“பெயர் சொல்ல விரும்பாத ஒரு பெண்...” என்று வாசித்ததும் தங்கம் எழுந்துவிட்டாள்.

“இன்னா தோழரே, நான் எப்போ விரும்பலைன்னேன்? என்னாண்ட கேட்டியா?”

“பேர் போட்டா வேலை போயிடும்மா.”

“போடலைன்னா எவனோ கட்டிவுட்ட கதைன்னுவாங்க. ஊடே போவுது, வேலைய வெச்சிக்கினு இன்னா பண்றது? எய்து, தங்கம். எங்க நைனா பேரையும் போடு, பஞ்சாட்சரம்.”

தனக்கு வரும் வக்கீல் நோட்டீஸில் முறுக்கு மடித்துக் கொடுக்கிற ஆள், பேனாவை எடுக்கத் தயங்கினார். ஊரையெல்லாம் கேட்டவர், கேட்க வேண்டியவளை விட்டுவிட்டார்.

“எழுதுங்க” என்றேன். எழுதினார்.

இதழ் வெளிவந்த காலை, அவள் வேலைக்குப் போகும்போது நாங்களும் கூடப் போனோம். அந்த வீட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையிலேயே எங்களை நிறுத்திவிட்டாள்.

“நீங்க வரவேணாம்க்கா. வேலைய வுட்டு நின்னுக்கோன்னு அவங்க வாயால சொல்லட்டும், அப்பால பாத்துக்கலாம்.”

கட்டுரை வெளியே தெரியும்படி மடித்த இதழைக் கையில் பிடித்துக்கொண்டு, வாட்ச்மேனுக்கு வழக்கம்போல் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். எனக்குப் பயம்தான், ஆனால் பெருமை அதைவிட அதிகம். தெருவில் ஒருநாளும் என் கையைத் தொடாத மதிவாணன் இறுகப் பிடித்துக்கொண்டார்.

மாடியில் சமையலறை ஜன்னல் திறந்தது. சற்று நேரத்தில் ஓர் ஆண்குரல் இரைந்தது. என்ன சொன்னார் என்று புரியவில்லை. அதற்கு மேலே தங்கத்தின் குரல் தெருவுக்கே கேட்டது.

“ஆமா சார், நான்தான் சொன்னேன்!”

மரத்தடியில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார்.